வந்து வந்து போகும் கோளாறு: வால்வு பேஸ் ஆம்ப்பில் அதைப் பிடிப்பது எப்படி?

வால்வு பேஸ் ஆம்ப் ஒரேயடியாகச் செத்துப்போனால் பெரிய தொல்லை இல்லை. பியூஸ் போயிருக்கும், அல்லது ஒரு வால்வு எரியாமல் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உயிரை எடுப்பது இன்னொரு வகை. ஸ்விட்சைப் போட்டதும் நன்றாகத்தான் வாசிக்கும். நாலாவது பாட்டில் சத்தம் பாதியாகும். தலையில் ஒரு தட்டு தட்டினால் திரும்பி வரும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே மணிக்கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடும். வீடு திரும்பிய அன்றே மறுபடியும் மக்கர்.

இப்படிப்பட்ட நேரத்தில் பலர் செய்வது, சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான். புது வால்வு செட், புது கேபிள், புது கண்டன்சர் என்று காசு கரையும். கோளாறு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். காரணம், விட்டு விட்டு வரும் கோளாறுகளில் பெரும்பங்கு பாகங்களுக்குள் இருப்பதில்லை. இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கிறது: வால்வின் பின்னும் சாக்கெட்டும் தொடும் இடம், பிளக்கும் ஜாக்கும் தொடும் இடம், கம்பியும் ஈயமும் பிடிக்கும் இடம். ஆகவே வேலையின் வரிசை இதுதான். முதலில் கோளாறை நாம் நினைத்தபோது வரவழைக்க வேண்டும். பிறகு அது ஆம்ப்பின் எந்தப் பாதியில் இருக்கிறது என்று பிரிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டும்.

பேஸ் ஆம்ப்புக்கு ஏன் இது அதிகம்?

ஆம்பெக் எஸ்விடி என்ற அமெரிக்க ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். 1969-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் அமெரிக்கப் பயணத்தில் இதை மேடையேற்றியது. 300 வாட் திறன், மொத்தம் 14 வால்வுகள். அவற்றில் ஆறு பவர் வால்வுகள். தொடக்கத்தில் 6146பி வகை வால்வுகள் இருந்தன. விரைவிலேயே 6550 வகைக்கு மாறினார்கள். ஸ்பீக்கர் சேராத ஆம்ப் பகுதியான ஹெட் மட்டும் 35 கிலோவைத் தாண்டும். அதைப் பத்து இன்ச் ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியின் மேல் வைத்துத்தான் வாசிப்பார்கள்.

இப்போது அந்த ஹெட்டின் நிலையை யோசித்துப் பாருங்கள். 6550 வால்வு ஒன்றின் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் இழுக்கும். ஆறுக்கும் சேர்த்து 9.6 ஆம்பியர். ஒரு ஸ்வரம் வாசிக்காமல் சும்மா நின்றாலும் ஹீட்டர்களிலிருந்தே 60 வாட் வெப்பம் வருகிறது. ஆம்ப் ஓடும்போது சாக்கெட், ஈயம், சர்க்யூட் பலகை எல்லாம் சூட்டில் விரிகின்றன; அணைத்தால் சுருங்குகின்றன. ஒவ்வொரு கச்சேரிக்கும் இது நடக்கிறது. கீழே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி பேஸ் அலைகளால் ஹெட்டை விடாமல் உலுக்குகிறது. போகவர வண்டியில் ஏற்றி இறக்குவது தனி. சூடு, அதிர்வு, காற்றின் ஈரத்தால் பிடிக்கும் களிம்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் முதலில் தளர்வது இணைப்புகள்தான்.

கை வைக்கும் முன்

எஸ்விடியின் உள்ளே ஏறத்தாழ 700 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். பெட்டியைத் திறக்கும் வேலை, இந்த அளவு வோல்ட்டேஜில் வேலை செய்து பழகியவர்களுக்கு மட்டுமே. அவர்களும் கண்டன்சரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே விரலை உள்ளே விடுவார்கள். மலிவான மல்டிமீட்டர்கள் பலவற்றின் எல்லை 600 வோல்ட்தான். 1000 வோல்ட் தாங்கும் மீட்டரும் அதற்கேற்ற புரோப் வயரும் இல்லாமல் இந்த ஆம்ப்பை அளக்கக் கூடாது.

இரண்டாவது விதி ஆம்ப்பின் உயிரைக் காக்க. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது. சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் பல மடங்கு வோல்ட்டேஜ் எகிறி, சுற்றுக்குச் சுற்று இன்சுலேஷனைத் துளைத்துவிடும். பிறகு அந்த ஆம்ப்பில் மாற்றவேண்டியது அதன் விலையுயர்ந்த பாகமாக இருக்கும்.

இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேற்பட்ட சோதனைகளுக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அவற்றிலிருந்து தொடங்குவோம்.

முதல் கருவி நோட்டுப் புத்தகம்

“அப்பப்போ கட் ஆகுது” என்பதை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கோளாறு வரும்போதெல்லாம் நாலு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது? மெல்ல வாசிக்கும்போதா, ஓங்கி அடிக்கும்போதா? ஹெட் பெட்டியின் மேல் இருந்ததா, தனியாகத் தரையில் இருந்ததா? சத்தம் எப்படிப் போனது: சட்டென்றா, மெல்ல மங்கியா, கரகரத்துவிட்டா?

பதில்கள் திசை காட்டும். எப்போதும் அரை மணி, முக்கால் மணி கழித்தே வருகிறது என்றால் சூட்டில் விரியும் ஏதோ ஒன்று. குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த ஸ்வரத்தில் மட்டும் வருகிறது என்றால் அந்த அதிர்வில் ஆடும் ஏதோ ஒன்று. வெகுநாள் சும்மா கிடந்து எடுக்கும்போது வந்து, ஓங்கி வாசித்ததும் சரியாகிறது என்றால் களிம்பு பிடித்த ஜாக்கோ ஸ்விட்சோ. ஹெட்டைத் தரையில் இறக்கி வைத்ததும் கோளாறு நின்றுவிட்டால், அதிர்வுதான் காரணம் என்பது ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடுகிறது.

வெளியே தொடங்கி உள்ளே

கிட்டாரையும் அதன் கேபிளையும் முதலில் விலக்குங்கள். கேபிளை மாற்றுங்கள், பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு நேராக ஆம்ப்பில் செருகுங்கள். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் என்றால் பேட்டரியையும் மாற்றுங்கள். தேய்ந்த பேட்டரி சத்தத்தை மங்கவைக்கும். பழி ஆம்ப் மேல் விழும்.

அடுத்தது ஸ்பீக்கர் கேபிள். இதில் அலட்சியம் கூடாது. 4 ஓம் பெட்டிக்கு 300 வாட் போகும்போது அந்தக் கேபிளில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் ஓடுகிறது. 2 ஓம் என்றால் 12 ஆம்பியரைத் தாண்டும். கால் இன்ச் பிளக்கின் முனை ஜாக்கின் தகட்டை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. அந்தப் புள்ளி தளர்ந்திருந்தால் வாசிக்கும் நடுவில் ஸ்பீக்கர் துண்டிக்கப்படும். அதாவது சுமை இல்லாமல் ஓட்டக் கூடாது என்ற விதியை, உங்களுக்குத் தெரியாமலே கேபிள் மீறிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் பக்கம் சந்தேகம் என்றால் வாசித்துக்கொண்டே ஆட்டிப் பார்க்காதீர்கள். அணைத்துவிட்டு, தடித்த கம்பி உள்ள நல்ல கேபிளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிட்டாருக்கான மெல்லிய ஷீல்டு கேபிளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

மூன்றாவது, சுவரிலிருந்து வரும் மின்சாரம். அமெரிக்காவுக்கென்று செய்த பழைய ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் அதை ஓட்ட வேண்டும். அந்த டிரான்ஸ்பார்மரின் திறன் போதாவிட்டாலோ, அதன் சாக்கெட் பிடி தளர்ந்திருந்தாலோ ஆம்ப் தளும்பும். வாசிக்கும்போது பைலட் விளக்கும் சேர்ந்து மங்குகிறதா என்று பாருங்கள். மங்கினால் ஆம்ப்பை விட்டுவிட்டு பிளக் பாயின்ட்டைச் சோதியுங்கள்.

ஆம்ப்பை இரண்டாகப் பிரிப்பது

வெளியே எல்லாம் சரி என்றால் கோளாறு ஆம்ப்பில். இங்கேதான் ஒரு சின்ன வழி மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்துகிறது. ஆம்ப் என்பது அடிப்படையில் இரண்டு பகுதி: கிட்டாரின் சிறு சிக்னலை வளர்த்து டோன் சேர்க்கும் ப்ரீஆம்ப், அதை வாங்கி ஸ்பீக்கரை உந்தும் பவர் ஆம்ப்.

கரகரப்பு வரும்போது வால்யூமை முழுக்கக் குறையுங்கள். கரகரப்பும் அடங்கினால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது. அடங்காமல் அதே அளவில் தொடர்ந்தால் அதற்குப் பின்னால். ஒரு குமிழைத் திருப்பியதில் பாதி ஆம்ப் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்குகிறது.

பின்பக்கம் ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்று இரண்டு ஜாக்குகள் இருந்தால் பிரிப்பது இன்னும் சுலபம். ப்ரீஆம்ப் அவுட்டிலிருந்து ஒரு கேபிளை இன்னொரு ஆம்ப்புக்கோ மிக்ஸருக்கோ கொண்டுபோங்கள். கோளாறு வரும் நேரத்தில் அங்கே சிக்னல் ஒழுங்காக இருந்தால் ப்ரீஆம்ப் நிரபராதி.

இந்த ஜாக்குகளே குற்றவாளியாக இருப்பதும் மிகச் சாதாரணம். எதுவும் செருகாதபோது ப்ரீஆம்ப்பின் சிக்னல் பல ஆம்ப்களில் பவர் ஆம்ப் இன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சிறு தகடு வழியாகத்தான் கடக்கிறது. பிளக் செருகினால் அந்தத் தகடு விலகும். எடுத்தால் திரும்பித் தொடும். வருஷக்கணக்கில் யாரும் எதையும் செருகாமல் விட்டால் தொடும் இடத்தில் களிம்பு படர்கிறது. சத்தம் மெலியும், மங்கும், ஓங்கி அடித்தால் திடீரென்று பீறிட்டு வரும். சோதனை எளிது: ஒரு சின்ன கிட்டார் கேபிளால் இரண்டு ஜாக்குகளையும் இணையுங்கள். கோளாறு போய்விட்டால் காரணம் அந்தத் தகடு. ஆம்ப்பை அணைத்து, பிளக்கில் காண்டாக்ட் கிளீனர் தெளித்து, பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். தகட்டின் ஸ்பிரிங் விசை போயிருந்தால் ஜாக்கையே மாற்றுவதுதான் தீர்வு.

பழைய எஸ்விடியில் ப்ரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் தனித்தனிச் சேஸிகள். இடையே பல பின்கள் கொண்ட ஒரு பிளக் இணைக்கிறது. அந்த மாடலில் இந்தப் பிளக்கையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வால்வும் சாக்கெட்டும்

ப்ரீஆம்ப்பில் 12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வுகள் இருக்கும். ஆம்ப் ஓடும்போது, வால்யூமைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு வால்வின் கண்ணாடியையும் காய்ந்த மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கரி மின்சாரத்தைக் கடத்தும். எல்லா வால்விலும் லேசாக ‘டங்’ என்று கேட்பது இயல்பு. ஒன்றில் மட்டும் மணி போல நீண்டு ஒலித்தால் உள்ளுறுப்புகள் தளர்ந்த மைக்ரோபோனிக் வால்வு. கரகரப்போ சத்தம் அறுபடுவதோ கேட்டால் வால்வாகவும் இருக்கலாம், சாக்கெட்டாகவும் இருக்கலாம்.

எது என்பதைப் பிரிக்க இடமாற்றம் செய்யுங்கள். ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, சந்தேகப்பட்ட வால்வையும் அதே எண் கொண்ட இன்னொரு வால்வையும் மாற்றிப் போடுங்கள். கோளாறு வால்வோடு கூடவே இடம் மாறினால் வால்வு கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டோ அதன் ஈயமோ. எண் ஒன்றா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். எஸ்விடியில் ஒரே உருவத்தில் வேறு வேறு வகைச் சிறு வால்வுகள் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வால்வைப் பிடுங்கித் திரும்பச் செருகியதும் கோளாறு மறைந்துவிடும். சந்தோஷப்பட்டுப் பெட்டியை மூடிவிடுவோம். உண்மையில் நடந்தது, பின் உரசி ஒரு நாளைக்குக் களிம்பைச் சுரண்டியது மட்டுமே. கோளாறு அந்தச் சாக்கெட்டில்தான் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது, சரியாகவில்லை. மின்சாரமும் கண்டன்சரில் மிச்சமும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு சாக்கெட்டின் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்பது துளைகளில் ஒன்றில் மட்டும் உள்ளே இருக்கும் பிடிப்புத் தகடு விரிந்து சுவரோடு ஒட்டியிருக்கும். அதை மெல்லிய ஊசிமுனைக் கருவியால் நடுப்பக்கம் தள்ளி இறுக்கலாம். கருகிய சாக்கெட்டை இறுக்கிப் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும்.

பவர் வால்வு சாக்கெட்டில் இது இன்னும் ஆபத்து. 1.6 ஆம்பியர் ஓடும் ஹீட்டர் பின்னின் பிடி தளர்ந்தால் அந்த இடமே சூடாகும். சூட்டில் பிடி இன்னும் தளரும். ஆறில் ஒரு வால்வின் ஒளி விட்டு விட்டு மங்குவதை இருட்டில் பார்த்தாலே தெரியும்.

சத்தம் பாதியாகிச் சிதைந்து, சிறிது நேரத்தில் சரியாகிறது என்றால் எஸ்விடியில் டிரைவர் வால்வுகளையும் சந்தேகப்பட வேண்டும். 12பிஎச்7 என்ற அந்த வால்வுகள் பவர் வால்வுகளின் கிரிட்டோடு நேரடியாக இணைந்தவை. ஒரு பக்க டிரைவர் காண்டாக்ட் விட்டால் அந்தப் பக்கத்து மூன்று பவர் வால்வுகளும் ஒன்றாக ஓய்ந்துவிடும். ஆறு புது 6550 வாங்கினாலும் இது தீராது.

உள்ளே: டிரை சால்டர்

இதுவரை பிடிபடவில்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். பழகியவர் கையில் மூங்கில் குச்சிதான் இங்கேயும் முதல் ஆயுதம். ஆம்ப் ஓட, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையில் நீண்ட குச்சியால் கம்பிகளையும் பாகங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். முதலில் பலகையின் ஒரு மூலையை அழுத்தினாலே கரகரக்கும். பலகை முழுவதும் வளைவதால் எந்த இடம் என்று சொல்ல முடியாது. ஆகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், மிகக் குறைந்த தொடுதலுக்கே கோளாறு வரும் இடத்தைத் தேட வேண்டும்.

அந்த இடத்தை, ஆம்ப்பை அணைத்து மின்சாரத்தை வடித்துவிட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். நல்ல சால்டர் பாகத்தின் காலைச் சுற்றிச் சரிந்து, காலோடு ஒட்டி இறங்கும். டிரை சால்டரில் காலைச் சுற்றி முடி கனத்தில் ஒரு சாம்பல் வட்டம் தெரியும். ஈயம் இருக்கிறது, கால் இருக்கிறது, இரண்டுக்கும் ஒட்டு இல்லை. ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறி பலகை விரிந்ததும் விலகும். கனமான பாகங்கள், வால்வு சாக்கெட்டின் கால்கள், சூடேறும் பெரிய ரெசிஸ்டர்கள், ஜாக்குகள் ஆகிய நாலு இடங்களில்தான் இது அதிகம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, காலைச் சுத்தம் செய்து, புது ஈயம் வைக்க வேண்டும். மேலோட்டமாக அயர்னால் தொட்டுவிட்டால் வட்டம் மறையும், சில மாதத்தில் திரும்பும்.

குச்சிக்கு மசியாத கோளாறு சூட்டைச் சார்ந்தது. ஹேர் டிரையரால் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கினால் கோளாறு சீக்கிரம் வரும். வந்ததும் ப்ரீஸ் ஸ்பிரேயை ஒரே ஒரு பாகத்தின் மேல் தெளித்துப் பாருங்கள். எதைக் குளிர்வித்ததும் சரியாகிறதோ அதுவே குற்றவாளி. சூடான வால்வின் கண்ணாடி மேல் மட்டும் அது படக் கூடாது; கண்ணாடி விரிசல் விடும்.

பாகமே கெடும் இடங்கள்

இணைப்பைத் தாண்டி, பாகத்துக்குள்ளேயே விட்டு விட்டு வரும் கோளாறுகளில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, கசியும் கப்ளிங் கண்டன்சர். ஒரு வால்வின் உயர் வோல்ட்டேஜை அடுத்த கட்டத்துக்கு விடாமல் தடுத்து, சிக்னலை மட்டும் அனுப்புவது இதன் வேலை. சூடேறியதும் சிறிது டிசி கசிந்தால் அடுத்த வால்வின் பயாஸ், அதாவது அதை அளவோடு ஓடவைக்கும் வோல்ட்டேஜ், நகர்ந்துவிடும். ப்ரீஆம்ப்பில் இதன் அடையாளம், கிளீனர் போட்டும் திருப்பும்போது கொரகொரக்கும் வால்யூம் கண்ட்ரோல். அதன் மேல் டிசி ஏறியிருக்கிறது. பவர் வால்வுக்கு முந்தைய கட்டத்தில் என்றால், அரை மணி கழித்து வால்வின் பிளேட் செந்நிறமாகக் கனிய ஆரம்பிக்கும், பியூஸ் போகும். பிளேட் சிவப்பதைக் கண்டால் உடனே அணைத்துவிடுங்கள். பெரிய பியூஸ் போட்டு ஓட்டுவது டிரான்ஸ்பார்மரைக் காவு கொடுப்பது.

இரண்டு, பழைய கார்பன் கம்போசிஷன் வகை பிளேட் ரெசிஸ்டர். வாசிக்காதபோதும் எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம் வந்தும் போயும் இருந்தால், வால்வை மாற்றியும் அது நீங்காவிட்டால், இதைச் சந்தேகியுங்கள். மெட்டல் பிலிம் வகையில் புதிதாக ஒன்றை, வாட் அளவும் வோல்ட்டேஜ் தாங்கும் திறனும் பார்த்துப் போட்டால் அடங்கும்.

இரண்டுக்கும் பொது விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எது காரணம் என்று தெரியாது. திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

கோளாறு வரவில்லை என்பது சரியானதற்கு அத்தாட்சி ஆகாது. அது வராமல் இருப்பதும் அதன் குணம்தானே. எந்த நிலையில் வந்ததோ அதே நிலையைத் திரும்ப உண்டாக்கிப் பாருங்கள். முக்கால் மணியில் வந்தது என்றால் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். தாழ்ந்த ஸ்வரத்தில் வந்தது என்றால் ஹெட்டைப் பெட்டியின் மேல் ஏற்றி அதே ஸ்வரத்தை அதே வால்யூமில் வாசியுங்கள். ஆறவிட்டு மறுநாள் இன்னொரு முறை.

டெக்னீஷியனிடம் கொடுப்பதாக இருந்தாலும் இந்த நோட்டு வேலைக்கு ஆகும். ஹெட்டோடு, நீங்கள் பயன்படுத்தும் ஸ்பீக்கர் கேபிளையும் முடிந்தால் பெட்டியையும் கொண்டுபோங்கள். “நாற்பது நிமிஷம் கழித்து, பெட்டி மேல் இருக்கும்போது, ஓங்கி அடித்தால் கட் ஆகிறது, வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு நிற்பதில்லை, தரையில் வைத்தால் வருவதில்லை” என்று சொல்லுங்கள். இதைக் கேட்டதுமே அவர் ப்ரீஆம்ப்பை ஒதுக்கிவிட்டு, பவர் ஆம்ப் பக்கத்துச் சாக்கெட்டுகளிலும் சால்டரிலும் நேராகக் கை வைப்பார். நீங்கள் கொடுக்கும் கூலி தேடுவதற்குப் போகாமல் சரிசெய்வதற்குப் போகும்.